பின்னால் போகும்போது மட்டும் பிடித்த பிரேக்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மூத்தவர் பிக்கப் வண்டியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் இறக்கினார். இறக்கினார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், இறங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் முன்சக்கரம் இரண்டும் சாக்கடைக்குள்ளே, பின்னால் பூட்டியிருந்த குதிரை டிரெய்லர் ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே, மூத்தவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி உள்ளே. தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து ரோடு இறங்கி வந்து முடிகிற இடத்தில்தான் என் டயர் கடை. காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அவர் ஒன்றும் தாறுமாறாக வரவில்லை. நிதானமாகத்தான் இறங்கினார். பாதி மேட்டில் பிரேக்கை அழுத்தியதும் பிக்கப்பின் மூக்கு கீழே அமுங்கியது. பின்னால் இருந்த டிரெய்லருக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக இரண்டு குதிரை எடைக்கு மணல் மூட்டை ஏற்றியிருந்தார்கள். அத்தனை கனமும் சேர்ந்து பிக்கப்பைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டு வந்தது. நேராக விட்டிருந்தால் என் டயர் அடுக்குக்குள் புகுந்திருப்பார். கடைசி நொடியில் ஒடித்துச் சாக்கடைப் பக்கம் திருப்பினார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு இருந்த முகத்தில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இடது மணிக்கட்டு பிசகியிருந்தது. நானும் அவர் தம்பியும் கதவைத் திறந்து வெளியே இழுத்ததும் முதலில் வலிக்குது என்று சொல்லவில்லை.

"கம்பி வேலை பண்ணவளக் கூப்பிடு," என்றார்.

என் கடைக்கு எதிர்வரிசையில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை இருக்கிறதே, அதுதான் அவர்கள் பட்டறை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து டிரெய்லர் கட்டுகிறவர்கள். அளவு போடுவது, ஆட்களிடம் பேசுவது, வண்டியை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் மூத்தவர். வெல்டிங் சின்னவர். சின்னவர் வாயைத் திறந்து பேசி நான் கேட்டது குறைவு. அண்ணன் வரைந்த கோட்டை அவர் தாண்ட மாட்டார், அண்ணன் கோடே வரையாத இடத்தில்கூட ஒரு அடி தள்ளித்தான் நிற்பார். சின்னவரின் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வேலை பார்த்தவள். புகுந்த வீட்டுக்கு வரும்போது மற்ற சாமானோடு கரண்ட் அளக்கிற தன் மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். டிரெய்லருக்குப் பின்விளக்கு, பக்கவிளக்கு எல்லாம் அவள் கைவேலைதான். தெருவில் அவளுக்குக் கரண்டம்மா என்று பேர். அந்தப் பேரை வைத்தவன் நான்.

அதுவரைக்கும் அவர்கள் கட்டியதெல்லாம் பிரேக் இல்லாத சின்ன டிரெய்லர்கள். மேசை நாற்காலி ஏற்ற, ஆடு ஏற்ற, படகு ஏற்ற. இழுக்கிற வண்டி நின்றால் அதுவும் நிற்கும். குதிரை சவாரி சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா வந்தார். இரண்டு குதிரை ஏறுகிற மாதிரி, நாலு சக்கரத்துக்கும் கரண்ட் பிரேக் வைத்து டிரெய்லர் வேண்டும் என்றார். மூத்தவர் காதைச் சொறிந்தார். உள்ளேயிருந்து, "நான் பண்றேன் மாமா" என்று ஒரு குரல். மூத்தவர் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாக்கடையில் கிடந்த அன்றைக்கு அவர் நொந்துகொண்டது அந்தத் தலையாட்டலைத்தான்.

வண்டியைத் தூக்கி, டிரெய்லரைக் கொட்டகைக்குள் சேர்ப்பதற்கே மதியம் ஆகிவிட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், மழைக்கு முந்தின வெயில். தகரத்துக்கு அடியில் எல்லாரும் வெந்துகொண்டு நின்றோம். மூத்தவர் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை அந்தம்மா வருது. என்னன்னு சொல்றது அதுகிட்ட?"

"பாத்துடறேன் மாமா," என்றாள் கரண்டம்மா.

"பாத்துத்தானே குடுத்தே. பாத்துக் குடுத்ததுலதான் சாக்கடைக்குப் போனேன். மணல் மூட்டைங்கறதால போச்சு. உள்ள ரெண்டு உசிரு நின்னிருந்தா?"

அவள் குனிந்து மீட்டரைக் கையில் எடுத்தாள். மூத்தவரே தொடர்ந்தார்.

"சனிக்கிழமை அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு அனுப்பிடறேன். இனிமே நமக்குப் பழைய மாதிரி சின்ன வண்டி போதும். விளக்குக்கு வெளியில ஆள் வச்சுக்கறேன். நீ வீட்டப் பாத்துக்கோ, போன் வந்தா எடுத்துப் பேசு. பட்டறைக்குள்ள உனக்கு வேலை வேண்டாம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'அம்மா'வைச் சேர்த்து மெதுவாகச் சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் மோசம். சின்னவர் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை. கரண்டம்மா அழவில்லை.

"சனிக்கிழமை காலை வரைக்கும் இருக்கேன்ல மாமா?" என்றாள்.

"இரு," என்று எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க என் ஜாக்கி வேண்டும். நான் கடையை அரைக் கதவு சாத்திவிட்டுப் போய்விட்டேன். அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூத்தவர் மனைவி, நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், ரொட்டியும் அவித்த முட்டையும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அப்படி என்னதான்டி இருக்கு அந்தச் சக்கரத்துக்குள்ள?"

"காந்தம்க்கா. சக்கரத்தோட சுத்தற இரும்புக் கிண்ணம், அதான் டிரம்மு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒண்ணு."

"காந்தம் எப்படிடி வண்டிய நிறுத்தும்?"

"அது நிறுத்தாது. கரண்ட் வந்தா, சுத்தற டிரம்மோட முகத்துல போய் ஒட்டும். டிரம்மு சுத்திக்கிட்டே இருக்கில்ல, அதனால காந்தத்தையும் கொஞ்சம் இழுத்துட்டுப் போகும். காந்தம் ஒரு இரும்புக் கையில மாட்டியிருக்கு. அந்தக் கை சாஞ்சா ஷூன்னு ரெண்டு பக்கமும் இருக்கற வளைஞ்ச தகட்ட விரிக்கும். ஷூ போய் டிரம்ம உள்ள இருந்து பிடிக்கும். சக்கரம் தன்னோட வேகத்த வச்சே தன்ன நிறுத்திக்குது."

"கரண்ட் யார் அனுப்பறது?"

"இந்த டப்பா." பிக்கப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த கண்ட்ரோலரைத் தட்டிக் காட்டினாள். "முன்வண்டி எவ்வளவு வேகமா நிக்குதுன்னு இது உணரும்க்கா. மெல்ல அழுத்தினா மெல்ல அனுப்பும், மிதிச்சா நிறைய அனுப்பும். மொத்தத்துல எவ்வளவு பலம்னு இந்தத் திருகுல வைக்கலாம். இந்த லீவரத் தள்ளினா, காலே வைக்காம டிரெய்லர மட்டும் பிடிக்கலாம். பின்வண்டி வாலாட்டினா அதுதான் மருந்து."

"எங்க வீட்டுக்காரருக்கும் இந்த மாதிரி ஒரு லீவர் இருந்தா நல்லாருக்கும்," என்றார் பெரியக்கா.

சிரித்தோம். வேலை மட்டும் சிரிக்கவில்லை. கண்ட்ரோலர் கோணாமல், முன்பக்கம் பார்த்து நேராகத்தான் இருந்தது. ஒரு காந்தத்துக்கு மூன்று ஆம்பியர், நாலுக்குப் பன்னிரண்டு. மீட்டர் பன்னிரண்டைத்தான் காட்டியது. எர்த் கம்பியைச் சுரண்டிப் பார்த்தாள், துருவே இல்லை. ஒவ்வொரு டிரம்முக்குப் பக்கத்திலும் திசைகாட்டி ஒன்றை வைத்து லீவரைத் தள்ளச் சொன்னாள். நாலு இடத்திலும் முள் திடுக்கிட்டுத் திரும்பியது. காந்தம் நாலும் உயிரோடுதான் இருந்தன.

"எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு," என்றேன்.

"அதான் பயமா இருக்கு. எங்கயாவது தப்பு இருந்தா திருத்திடலாம்."

கடைசியாக ஒன்று மிச்சம். ஓடும்போது டிரெய்லர் கழன்றுகொண்டால் அதைத் தானாக நிறுத்துவதற்கு முன்பக்கத்தில், பிக்கப்போடு கம்பியால் கட்டிய ஒரு பின், ஊசி மாதிரி, சொருகியிருக்கும். அது உருவிக்கொண்டால் டிரெய்லரிலேயே இருக்கிற பேட்டரி முழுக் கரண்டையும் பிரேக்குக்குக் கொடுத்துவிடும். பின்னை உருவிவிட்டு, பிக்கப்பால் டிரெய்லரை இழுத்துப் பார்த்தாள். அசையவே கூடாது. முனகிக்கொண்டு, இஷ்டம் இல்லாத மாட்டைப்போல, பின்னாலேயே வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே பத்தடி தூரம் வந்துவிட்டது.

அவள் முகம் அப்போதுதான் விழுந்தது. டிரெய்லரைத் திரும்பக் கொட்டகைக்குள் விடுவதற்காக ரிவர்ஸ் போட்டாள். பின்னைத் திருப்பிச் சொருக மறந்துவிட்டாள். எனக்கும் ஞாபகம் இல்லை.

வண்டி நகரவில்லை. நாலு சக்கரமும் சரளைக் கல்லில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. பிக்கப் உறுமியது, பின்சக்கரம் மண்ணைத் தோண்டியது, டிரெய்லர் மட்டும் நட்டு வைத்த மாதிரி நின்றது.

கரண்டம்மா இறங்கினாள். தொங்கிக்கொண்டிருந்த பின்னைப் பார்த்தாள். சொருகப் போகிறாள் என்று நினைத்தேன். சொருகாமல் திரும்ப ஏறி, முன்னால் இழுத்தாள். வந்தது. பின்னால் தள்ளினாள். நின்றது. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். இவளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று பெரியக்கா என் காதில் சொன்னார்.

"என்னங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். சின்னவர் வந்தார். "ஒரு டிரம்மக் கழட்டுங்க. நான் ஒண்ணு பாக்கணும்."

நான் சக்கரத்தை எடுத்தேன், அவர் டிரம்மை எடுத்தார். உள்ளே இரண்டு ஷூ. ஒன்றில் உராயும் பட்டை கொஞ்சம் குட்டை, மற்றதில் நீளம்.

"குட்டை எந்தப் பக்கம் இருக்கணும்?" என்று கேட்டாள்.

"முன்பக்கம்."

"எங்க இருக்கு?"

சின்னவர் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குட்டை பின்பக்கம் இருந்தது. இடது சக்கரத்துக்கு உரியது வலதிலும், வலதுக்கு உரியது இடதிலும் ஏறியிருக்கிறது. அதனால் அந்தப் பிரேக்குக்குப் பின்னால் போவதுதான் முன்னால் போவது. முன்னால் போனால் அரைமனதாகப் பிடிக்கும்.

அது எப்படி மாறியது என்பதற்கு அவர்கள் வேலை செய்கிற விதம்தான் காரணம். டிரெய்லர் சட்டத்தை அவர்கள் எப்போதும் தலைகீழாகப் போட்டுத்தான் கட்டுவார்கள். அடிப்பக்கம் மேலே இருந்தால் வெல்டிங் சுலபம், தீப்பொறி முகத்தில் விழாது. சக்கரம் கோக்கிற ஆக்சிலையும் அப்படியே மாட்டிவிட்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து புரட்டிப் போடுவார்கள். கை கொடுக்க நானும் போவேன். மூத்தவர் எப்போதும்போலப் பின்னால் நின்று, ஓட்டுகிறவன் கணக்குக்கு இந்தப் பக்கம் 'இ', அந்தப் பக்கம் 'வ' என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறார். தலைகீழாகக் கிடக்கிற வண்டிக்கு இடம் ஏது, வலம் ஏது. புரட்டினதும் இடது வலதாகிவிட்டது. பிரேக் இல்லாத காலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இடது, வலது என்று சொல்லி பிரேக் தட்டில் ஒட்டியிருந்த காகிதத்தையும் கறுப்புப் பெயிண்ட் மூடிவிட்டது.

"அண்ணன் எழுதினாரு. நான் எழுத்தப் பாத்து முடுக்கினேன்," என்றார் சின்னவர். பிறகு டிரம்மைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நான்தான் மாத்தி மாட்டிட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"நீங்க மாத்தலையே."

"அதுக்காக அவர்தான்னு நான் எப்படிச் சொல்றது? இத்தன வருஷத்துல அவர ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லல," என்றாள் கரண்டம்மா. "டிரம்ம மூடுங்க. வண்டி சொல்லட்டும்."

மூன்று மணிக்கு மூத்தவர் வந்தார். பக்கத்து சீட்டில் ஏறச் சொன்னாள். எதற்கு என்றார். "சும்மா ஏறுங்களேன்," என்று பெரியக்கா அதட்டியதும் ஏறிவிட்டார்.

"மாமா, லீவர் உங்க கையில. நான் பிரேக் பக்கம் காலே கொண்டுபோக மாட்டேன். போறப்ப தள்ளுங்க."

பட்டறைக்கு முன்னால் இருக்கிற சமதரையில் முன்னால் ஓட்டினாள். அவர் லீவரைக் கடைசிவரை தள்ளினார். வண்டி சோம்பேறித்தனமாக வேகம் குறைந்து, எங்கேயோ போய் நின்றது.

"இதத்தானே நான் நேத்தே சொன்னேன்," என்றார்.

"இப்ப பின்னாடி போறேன். அதே மாதிரி தள்ளுங்க."

ரிவர்ஸில் நடக்கிற வேகம்தான். லீவரைத் தள்ளினாரோ இல்லையோ, டயர் நாலும் கிறீச்சிட்டன. மூத்தவர் தலை சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் மோதிக்கொண்டது. கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி வாய்க்கு வந்தது.

"அதே டப்பா, அதே கம்பி, அதே கரண்டு," என்றாள் கரண்டம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "பின்னாடி போறப்ப நல்லா இருக்கற கம்பி, முன்னாடி போறப்ப மட்டும் கெட்டுப்போகுமா மாமா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் கொட்டகைக்குள்ளே போனது. அங்கே அடுத்த டிரெய்லரின் சட்டம் தலைகீழாகக் கிடந்தது. அதிலும் அவர் கையெழுத்தில் 'இ', 'வ'. உள்ளே போய் அதன் பின்னால் நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். கட்டுப் போட்ட கையை ஒரு தடவை, நல்ல கையை ஒரு தடவை பார்த்தார். மனசுக்குள் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. பெரிய ஆள்தான், தொழில் தெரிந்த ஆள். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளங்கையால் இரண்டு எழுத்தையும் அழித்தார். வெளியே வந்தார்.

"எழுதினது நான்," என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "கம்பி வேலைல தப்பில்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். தம்பி பழியை ஏற்கத் தயாராக நின்றார், அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை.

"நாலு பிரேக்கயும் கழட்டி மாத்தணும்னா நாளைக்குக் காலைக்குள்ள ஆகாது," என்று மூத்தவரே மறுபடி ஆரம்பித்தார்.

அப்போதுதான் சின்னவர் வாயைத் திறந்தார். "பிரேக்க எதுக்குண்ணே தொடணும்? ஆக்சில அவுத்து, அப்படியே அரைச்சுத்து திருப்பி மாட்டினா இடது வலதாயிடும். குட்டை தன்னால முன்பக்கம் வந்துடும்."

மூத்தவர் தம்பியை முதல்தடவை பார்ப்பவர்போலப் பார்த்தார். "இத்தன நாள் எங்கடா வச்சிருந்தே இதெல்லாம்?"

"நீங்க கேக்கலண்ணே."

பொழுது சாய்வதற்குள் இரண்டு ஆக்சிலையும் திருப்பி மாட்டிவிட்டோம். ஸ்பிரிங் போல்ட்டுகளை நான் அவிழ்த்தேன், தூக்குவதற்கு எல்லாரும், பெரியக்கா உட்பட. கரண்டம்மா கம்பிகளை மறுபடி சேர்த்து ஒட்டினாள். சக்கரம் இறுகுகிறவரைக்கும் ஷூவை நெருக்கி, பிறகு தளர்த்தி, கையால் சுற்றிச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார் சின்னவர்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே கரண்டம்மா வண்டியை வெளியே எடுத்துவிட்டாள். புது ஷூ டிரம்மோடு பழக வேண்டும், அதற்கு லீவரால் மெல்ல மெல்ல முப்பது தடவை நிறுத்த வேண்டும். ஒன்று, இரண்டு என்று நான் கடை வாசலில் நின்று எண்ணினேன். இருபதைத் தாண்டும்போது சூடேறின வாசனை ரோட்டுக்கே வந்தது. முப்பதாவதில் அவள் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது.

குதிரைக்காரம்மா எட்டு மணிக்கு வந்தார். சவாரி பூட்ஸ், கறார் முகம். சாக்கடைக் கதை யார் மூலமோ அவருக்குப் போயிருந்தது.

"மேட்டுல இருந்து இறக்கிக் காட்டுங்க," என்றார். "அப்புறம்தான் என் குதிரை ஏறும்."

எல்லாரும் மூத்தவரைப் பார்த்தோம். அவர் சாவியை எடுத்துக் கரண்டம்மாவிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"ரோடு ஈரமா இருக்கு மாமா."

"தெரியும்."

மணல் மூட்டையோடு மேலே ஏறிப் போனார்கள். நாங்கள் கீழே என் கடை முன்னால் நின்றோம். சின்னவர் என் தோளைப் பிடித்திருந்தார், பிடித்தது அவருக்கே தெரியாது. மேட்டு உச்சியில் வண்டி ஒரு நிமிஷம் நின்றது. ஈர ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்ட்ரோலரின் திருகை ஒரு புள்ளி குறைத்தாள் என்று பிற்பாடு சொன்னாள். கீழே நின்ற எங்களுக்கு அது ஒரு யுகம்.

இறங்கினார்கள். வியாழக்கிழமை வந்த அதே வேகம், அதைவிடக் கொஞ்சம் கூட. பாதி மேட்டில், மூத்தவர் பிரேக்கை அழுத்தின அதே இடத்தில், பிக்கப்பின் மூக்கைப் பார்த்தேன். அமுங்கவில்லை. அவள் காலை வைக்கவே இல்லை, லீவரை மட்டும் தள்ளியிருக்கிறாள். டிரெய்லர் பின்னாலிருந்து பிக்கப்பை அமர்த்திப் பிடித்தது. சறுக்கல் இல்லை, குலுக்கல் இல்லை. இரண்டு வண்டியும் ஒரே கோட்டில், அந்தச் சரிவில், அப்படியே நின்றுவிட்டன.

பெரியக்கா கை தட்டினார். நானும் தட்டினேன். பிறகு லீவரை விட்டு மறுபடி இறக்கி, இந்தத் தடவை காலால் அழுத்தி, என் டயர் அடுக்குக்கு மூன்று தப்படி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு டயர் அசையவில்லை. சின்னவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், வெளியாள் கையைக் குலுக்குகிற மாதிரி. அவள் சிரித்த சிரிப்பை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

குதிரைக்காரம்மா டிரெய்லரைச் சுற்றி வந்து, குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். திருப்தி. நிமிர்ந்து மூத்தவரிடம் வந்தார்.

"நல்லா இருக்குங்க. அந்தத் திருகு எத்தனைல வைக்கணும், குதிரை இல்லாதப்ப எத்தனை, லீவர் எப்பத் தொடணும், எல்லாம் சொல்லுங்க. இன்னும் ரெண்டு பேர் வண்டி கேக்கறாங்க, அவங்களையும் உங்ககிட்டதான் அனுப்பப் போறேன்."

மூத்தவர் பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினார். இருபது வருஷமாக அந்தப் பட்டறைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"எங்க பட்டறையில பிரேக்குக்கு அவங்கதான்," என்று கரண்டம்மாவைக் காட்டினார். "எனக்கும் சேத்து அவங்க சொல்லட்டும். நானும் கேட்டுக்கறேன்."

நீ, வா, போ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷர் 'அவங்க' என்றார். அவளுக்கும் அது கேட்டது. கையை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டு ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்ல, பிரேக் பிடிச்சு நிக்கறப்ப டயரு சுத்தாமப் பூட்டிக்குதான்னு பாக்கணும்," என்றாள். "ஓட்டிக் காட்டறேன், எல்லாரும் ரோட்ட விட்டுத் தள்ளி நில்லுங்க."

முதல் ஆளாகத் தள்ளி நின்றவர் மூத்தவர்தான்.